எனக்கென்று ஒன்றரை மணித்தியாலம்

விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் வளவில் விழித்திருப்பது நானும் கோடிப்புறத்துச் சேவலும்தான். முகத்தைக் கழுவி, ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, குசினி மேசையில் சீ.ஆர். கொப்பியை விரிப்பேன். ஐந்தரைக்கு மூடிவிடுவேன். அதற்குப் பிறகு முற்றம், தண்ணீர், அடுப்பு என்று வேலைகள் வரிசையாக வந்துவிடும். ஏழரைக்கு முன்பள்ளியில் நிற்க வேண்டும். அந்த ஒன்றரை மணித்தியாலத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு நாவலை எழுதி முடித்தேன். இப்போது இரண்டாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கிராமத்து மாதர் சங்கக் கூட்டமொன்றில் இதைச் சொன்னபோது ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, எங்களுக்கு இருந்து அழவே நேரமில்லை. உங்களுக்கு எழுத எங்காலை நேரம்?" பக்கத்தில் இருந்தவர், "எழுத மட்டுமே? அவ கிரிக்கெட் மட்சும் பாக்கிறவ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எனக்கு எங்கிருந்து நேரம் வந்தது? அதை யாரிடமிருந்து எடுத்தேன்? இந்தக் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் எழுதிப் பார்க்கிறேன். என்னைப்போல் தனியே குடும்பம் சுமக்கும் சகோதரிகள் சிலருக்காவது அது உதவக் கூடும்.

கிரிக்கெட் என் வாழ்க்கைக்குள் வந்தது கணவரோடுதான். படிக்கிற காலத்தில் நான் வலைப்பந்து விளையாடியவள். கிரிக்கெட் என்றால் ஆண்பிள்ளைகள் நாள் முழுக்க வெயிலில் நிற்கிற விளையாட்டு என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. 1995ஆம் ஆண்டு எங்களுக்குக் கலியாணம் நடந்தது. இரண்டு மாதம் போகவில்லை, ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. மழைக்குள் நாங்களும் நடந்தோம். சைக்கிள் காரியரில் ஒரு சூட்கேஸ். ஹாண்டிலில் ஒரு பானை. அவருடைய கழுத்தில் ஒரு சின்ன றேடியோ.

சாவகச்சேரியில் ஒரு வீட்டு விறாந்தையில் நாலு குடும்பங்கள் இருந்தோம். மின்சாரம் 1990இலிருந்தே இல்லை. பற்றரிக்குத் தடை. ஆனாலும் எங்கள் ஊரில் றேடியோ ஓயவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ றேடியோவுக்கு உயிர் கொடுக்கும். கை நின்றால் குரலும் நின்றுவிடும். செய்தி கேட்கச் சுற்றுகிறவரை எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். மட்ச் கேட்கச் சுற்றுகிறவருக்கு ஏச்சுத்தான் விழும். அவர் ஏச்சையும் வாங்கிக்கொண்டு சுற்றுவார். அவர் களைத்துப் போனால் நான் சுற்றுவேன். முதலில் அவருக்காகச் சுற்றினேன். பிறகு எனக்காகவும் சுற்றினேன்.

அந்த மார்கழி 26ஆம் திகதி, அவுஸ்திரேலியாவில் மெல்பேண் நகரில் நடந்த ரெஸ்ட் போட்டியில், முத்தையா முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் ஒருவர் ஏழு தடவை 'நோ போல்' கொடுத்தார். அன்று இவர் சாப்பிடவில்லை. "ஏழு தரம் சொல்லியும் அவன் பந்தைக் கீழை வைக்கேல்லை, பாத்தியே" என்று என்னிடம் சொன்னார். நான் முரளியின் பக்கம் சேர்ந்தது அன்றிலிருந்துதான்.

1996 பங்குனி 17ஆம் திகதி லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட்டுகளையும் வீழ்த்தி, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் எடுத்தார். அவுஸ்திரேலியாவை இலங்கை 7 விக்கெட்டுகளால் வென்றது. அன்று இரவு குப்பி விளக்கடியில்தான் அவர் எனக்கு ஸ்கோர் எழுதப் பழக்கினார். கோடு போட்ட கொப்பித்தாளில் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒரு பெட்டி ஓர் ஓவர். ஆறு பந்துக்கு ஆறு குறி. ஓட்டம் எடுத்தால் எண். எடுக்காவிட்டால் ஒரு புள்ளி. ஆறும் புள்ளியாகப் போனால் அந்தப் புள்ளிகளை இணைத்து 'எம்' எழுத்தாக்க வேண்டும். அதற்கு மெயிடன் என்று பெயர். "புள்ளியும் கணக்குத்தான். புள்ளியை விடக் கூடாது" என்று சொல்வார்.

இலங்கை வென்றதும் விறாந்தையின் இருட்டுக்குள்ளிருந்து ஒருவர் கேட்டார்: "எங்களை ஊரை விட்டுக் கலைச்சுப்போட்டாங்கள். அந்த நாடு வெண்டால் உமக்கென்ன தம்பி சந்தோசம்?" இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் விளையாட்டைத்தான் அண்ணை பாக்கிறன். மற்றதுக்கு என்னட்டைப் பதில் இல்லை" என்றார். என்னிடமும் இன்றுவரை பதில் இல்லை. என் தம்பி இலங்கைக்கு எதிராக யார் விளையாடினாலும் அவர்கள் பக்கம். என் மகன் இந்தியாவின் பக்கம். நான் முரளியின் பக்கம். எங்கள் சனங்களின் வீடுகளில் இந்தப் பிரிவினை எவ்வளவு சாதாரணம் என்பது வாசிக்கிற உங்களுக்கும் தெரியும்.

பிறகு கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்தோம். அக்கராயனில் கொட்டில் போட்டோம். 1997இல் மகளும் 2000இல் மகனும் பிறந்தார்கள். 2002இல் சண்டை ஓய்ந்து ஏ9 பாதை திறந்ததும் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு காணித்துண்டில் வந்து இருந்தோம். வெடிச் சத்தம் இல்லாத அந்த நாட்களில்தான் எனக்கு எழுத வேண்டும்போல் வந்தது. பரந்தன் குமரபுரத்தில் இருந்துகொண்டு, வன்னி மண்ணின் வயலையும் வாழ்வையும் எழுதிய தாமரைச்செல்வி அவர்களின் கதைகளை அப்போது வாசித்தேன். எங்களுக்குப் பக்கத்து ஊர். நாங்கள் பார்க்கிற அதே வயல், அதே வாய்க்கால். வீட்டுப் பெண் ஒருத்தி நாவல் எழுதலாம் என்பதை அவருடைய புத்தகங்கள்தான் எனக்குக் காட்டின. அந்த ஒக்டோபர் இரவின் நடையை எழுதத் தொடங்கினேன். ஒழுங்கு ஒன்றும் இருக்கவில்லை. நினைத்தால் எழுதுவேன். நினைக்காவிட்டால் மாதக்கணக்கில் தொட மாட்டேன். ஆறு வருடத்தில் மூன்று சீ.ஆர். கொப்பிகள் நிறைந்தன.

2009 மாசியில் ஷெல் வீச்சில் அவர் போய்விட்டார். அதைப் பற்றி இங்கே கூட எழுத மாட்டேன். இந்தப் பத்திரிகையை வாசிக்கிற பலருக்கு அப்படி ஒரு நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு மாத்தளன் பக்கம் போகும்போது என் கையில் ஒரு பைதான் இருந்தது. அரிசியையும் கொப்பிகளையும் சேர்த்துத் தூக்க முடியவில்லை. அரிசியை எடுத்தேன். கொப்பிகளைப் பங்கருக்குள் வைத்துவிட்டு வந்தேன். இன்று கேட்டாலும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வேன். ஆனால் மெனிக் பாம் முகாமில் படுத்திருந்த எத்தனையோ இரவுகளில், அந்தக் கொப்பியின் வசனங்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் நினைவில் வரவில்லை.

2010இல் மீள்குடியேறினோம். தறப்பாளும் நாலு தடியும்தான் வீடு. அந்த யூலை மாதம் காலியில் இந்தியாவுக்கு எதிராக முரளியின் கடைசி ரெஸ்ட் போட்டி. தொடங்கும்போது அவருக்கு 792 விக்கெட்டுகள். எண்ணூறுக்கு எட்டு வேண்டும். 22ஆம் திகதி, இந்தியாவின் கடைசி விக்கெட்டாக எண்ணூறாவது விழுந்தது. பக்கத்துக் கொட்டில் றேடியோவில் கேட்டேன். சந்தோசத்தில் திரும்பி, "கேட்டீங்களே?" என்றேன். அங்கே யாரும் இல்லை. அவரிடம் சொல்ல இருந்த ஒரு செய்தியைச் சொல்ல ஆளில்லாமல் நின்றேன். அடுத்த நாள் கிளிநொச்சிச் சந்தைக்குப் போனபோது உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிய காசில் மிச்சம் பிடித்து ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.

எழுதுவதையும் ஒளித்தேன். மட்ச் கேட்பதையும் ஒளித்தேன். காரணம் சொல்லத் தேவையில்லை. கணவனை இழந்த பெண் எந்த நேரமும் இழவு முகத்தோடு இருக்க வேண்டும் என்று எங்கள் சமூகம் எதிர்பார்க்கிறது. கிணற்றடியில் ஒரு நாள் நான் சிரித்ததற்கு, "அவளுக்கென்ன, எல்லாத்தையும் மறந்திட்டாள்" என்று பின்னால் கதை வந்தது. கொப்பியோடு இருந்தால், "வேலை இல்லாதவள்." மட்ச் கேட்டால், "புருசன் செத்தவளுக்கு மட்ச் ஒரு கேடு." ஆகையால் ஒன்றும் இல்லாதவள்போல் இருந்துகொண்டு, களவாக எழுதினேன். களவாகக் கேட்டேன்.

அந்தக் களவுதான் எனக்கு 2011 சித்திரை 2ஆம் திகதி பெரிய தண்டனை தந்தது.

அன்று மும்பாயில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. இலங்கையும் இந்தியாவும். முரளியின் கடைசிச் சர்வதேசப் போட்டி அது. மூன்று வளவு தள்ளி ஒரு வீட்டில் ஜெனரேற்றரில் ரீவி போட்டிருந்தார்கள். மகன் கடைவாசலில் பெடியன்களோடு பார்க்கப் போய்விட்டான். மகளுக்கு வயிற்றுவலி, படுத்திருந்தாள். அவளிடம், "பிள்ளை, நான் தையல் வீட்டுக்குப் போட்டு வாறன்" என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். தையல் வீட்டில் எனக்கு அரைகுறை வேலை இருப்பது உண்மை. அன்று அங்கே போகவில்லை என்பதுதான் பொய்.

இலங்கை 274 ஓட்டங்கள். மஹேல ஜயவர்தன 103. பிறகு லசித் மாலிங்க வந்து செவாக்கையும் டெண்டுல்கரையும் ஆட்டமிழக்கச் செய்தபோது நான் என்னை மறந்து கைதட்டினேன். முரளிக்கு விக்கெட் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் போட்ட எட்டு ஓவரும் பார்த்துவிட்டுத்தான் வருவது என்று இருந்தேன். இரவாகிவிட்டது.

அந்த நேரத்தில் என் மகள் பெரியபிள்ளை ஆகியிருந்தாள். பதின்மூன்று வயது. விளக்கடியில் தனியாக. பயந்துபோய், வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அன்ரியைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் என்னைத் தேடித் தையல் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். திரும்பி வந்து, "அம்மா அங்கை இல்லையாம்" என்று சொல்லியிருக்கிறார்.

சகோதரிகளே, சொன்ன இடத்தில் ஆள் இல்லை என்றால் எங்கள் பிள்ளைகளின் மனதில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். தகப்பனை அப்படி இழந்த பிள்ளை அவள். நான் படலையைத் திறந்தபோது அவள் அழுகையை நிறுத்தி, கண் சிவந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "நீங்களும் இல்லையெண்டு நினைச்சன்" என்ற ஒரு வசனம்தான் சொன்னாள். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. ஊர் கதைத்தது. "மகள் சாமத்தியப்பட்ட நேரம் தாய் மட்ச் பாத்தவள்" என்ற கதை தண்ணி வார்வைக்கு முதலே ஊர் சுற்றி வந்துவிட்டது.

கொப்பியை முகட்டு வளையில் சொருகினேன். றேடியோவை மகனிடம் கொடுத்துவிட்டேன். இனி எனக்கென்று ஒன்றும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். நல்ல தாயாக இருப்பது என்றால் அதுதான் என்று நினைத்தேன். எட்டு மாதம் அப்படி இருந்தேன். அந்த எட்டு மாதத்தில் பிள்ளைகளுக்கு என்ன லாபம் வந்தது என்று கேட்டால் ஒன்றும் இல்லை. சின்ன விசயத்துக்கும் எரிந்து விழுந்தேன். வேலை முடிந்ததும் ஒரு மூலையில் இருந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "அம்மாவுக்குத் தலையிடி" என்று பிள்ளைகளே தங்களுக்குள் சொல்லிக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள்.

அந்த மார்கழி மழையில் கூரை ஒழுகியது. வளையில் இருந்த கொப்பி நனையப் போகிறது என்று மகள் அதை எடுத்து, அடுப்படியில் காயவைத்திருக்கிறாள். காயவைத்தவள் வாசித்தும் விட்டாள். ஒரு பின்னேரம் என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அம்மா, இதிலை அப்பா நாவற்குழிப் பாலத்திலையே நிக்கிறார். அங்காலை போகேல்லை."

"நான் எழுதேல்லை மோனை."

"ஏன்?"

"அண்டைக்கு உன்னைத் தனிய விட்டிட்டன். இனி எனக்கு உதொண்டும் வேண்டாம்."

அவள் கொஞ்ச நேரம் கொப்பியைத் தடவிக்கொண்டு இருந்தாள். "எனக்கு அண்டைக்குக் கோவம்தான். இப்பவும் கோவம்தான். நீங்கள் மட்ச் பாத்ததுக்கு இல்லை. எங்கை போறீங்களெண்டு பொய் சொன்னதுக்கு. போறதெண்டால் சொல்லிப்போட்டுப் போங்கோ. எழுதுறதெண்டால் சொல்லிப்போட்டு எழுதுங்கோ. அதுக்காக அப்பாவைப் பாலத்திலை விட்டிட்டு இருக்கப் போறீங்களே?"

பதினாலு வயதுப் பிள்ளை சொன்ன இந்த வார்த்தைகள்தான் என் வாழ்க்கையைத் திருத்தின. நான் என் சந்தோசத்தைக் குற்றமாக நினைத்து ஒளித்தேன். ஒளித்ததால்தான் அது குற்றமாகியது.

அன்று இரவே மூன்று பேரும் இருந்து கதைத்தோம். கலண்டர் ஒன்றைச் சுவரில் மாட்டினோம். மூன்று நிறப் பேனை. மகளின் வலைப்பந்துப் போட்டிகள், பரீட்சைகள் பச்சை. மகனின் போட்டிகள், பாடசாலைக் கூட்டங்கள் நீலம். நான் பார்க்க விரும்பும் மட்ச் சிவப்பு. ஒரே நாளில் இரண்டு நிறம் மோதினால் பிள்ளைகளின் நிறத்துக்கே முதலிடம். மாதத்துக்கு இரண்டு மட்சுக்கு மேல் சிவப்பு விழக் கூடாது. சிவப்பு விழுந்த நாளில் எனக்கு அந்த நேரம் முழுவதும் உரிமை. யாரும் "அம்மா, தேத்தண்ணி" என்று கூப்பிடக் கூடாது.

வேலையையும் பிரித்தோம். அதுவரை நான் செய்த ஒரு பிழையை அப்போதுதான் கண்டேன். மகளுக்குத் தேங்காய் திருவவும் கூட்டவும் பழக்கியிருந்தேன். மகன் ஆம்பிளைப் பிள்ளை என்று அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவன் தேங்காய் திருவினான். சாப்பிட்ட கோப்பையைக் கழுவினான். பாடசாலைச் சாப்பாட்டைத் தானே கட்டினான். முதல் கிழமை முணுமுணுத்தான். "டோனி வீட்டிலை கோப்பை கழுவுறவனோ?" என்று கேட்டான். "கீப்பருக்குக் கோப்பை நழுவாதடா" என்று மகள் சொன்னாள். கழுவினான். இப்போது அவன் நகரத்தில் கடையொன்றில் வேலை செய்கிறான். தன் சாப்பாட்டை இன்றும் தானே கட்டுகிறான். நாளைக்கு அவனுக்கு வரப்போகிறவள் எனக்கு நன்றி சொல்வாள்.

எழுத்துக்கு நாலு மணியைத் தெரிந்தெடுத்ததும் அந்தக் கதையில்தான். இரவில் எழுதினால் அடுத்த நாள் முன்பள்ளியில் தூங்கி விழுவேன். பகல் எனக்குச் சொந்தமில்லை. விடியற்காலை ஒருவருக்கும் தேவைப்படாத நேரம். இரவு ஒன்பது மணிக்குப் படுத்தால் நாலுக்கு எழும்பலாம். ஒன்பதுக்குப் படுப்பதற்காக இரவுத் தொடர் நாடகத்தை விட்டேன். ஒன்றைப் பெற ஒன்றை விடத்தான் வேண்டும். தூக்கத்தை விடக் கூடாது. தூக்கத்தை விட்ட இரண்டு கிழமையில் எனக்குப் பிரசர் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது.

பிறகு பொது நூலகத்தில் வாசித்தபோதுதான், உலகத்தில் வேறு பலரும் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று அறிந்தேன். அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் ரொனி மொறிசன் கணவரைப் பிரிந்து, இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, ஒரு பதிப்பகத்திலும் வேலை செய்துகொண்டு, பிள்ளைகள் எழும்ப முதல் விடியற்காலையில் எழுதினார். அவருடைய முதல் நாவல் 1970இல் வந்தது. 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமியின் கதை எனக்கு இன்னும் நெருக்கம். 1978ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒரு பேஸ்போல் போட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, ஒரு வீரர் பந்தை அடித்த அந்தக் கணத்தில், தானும் ஒரு நாவல் எழுதலாம் என்று அவருக்குத் தோன்றியதாம். அப்போது அவர் மனைவியோடு சேர்ந்து ஒரு சிறிய இசை மதுக்கடை நடத்திக்கொண்டிருந்தார். கடையைப் பூட்டிய பிறகு, இரவில் குசினி மேசையில் இருந்துதான் முதல் நாவலை எழுதினார். இதை வாசித்த அன்று நான் என் குசினி மேசையை ஒரு தரம் துடைத்து வைத்தேன். எண்ணூறாவது விக்கெட் விழுந்ததற்கு அடுத்த நாள் கொப்பி வாங்கிய நான் விசரி இல்லை என்று ஒரு ஆறுதல்.

என் ஒழுங்கைக் காப்பாற்றியது கணவர் பழக்கிய ஸ்கோர் எழுத்துத்தான். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பெட்டிகள் போட்டேன். ஒரு கிழமை ஓர் ஓவர். ஆறு நாள் ஆறு பந்து. ஏழாம் நாள் ஓய்வு. ஒரு பக்கம் எழுதினால் 1. இரண்டு பக்கம் எழுதினால் 2. எழுத முடியாவிட்டால் ஒரு புள்ளி. காய்ச்சல், மகளின் சாதாரண தரப் பரீட்சை, செத்தவீடு, வெள்ளம் எல்லாவற்றுக்கும் புள்ளி விழுந்தது. முழுக் கிழமையும் மெயிடனாகப் போனதும் உண்டு. முன்பெல்லாம் ஒரு நாள் தவறினால், "இனி என்ன" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவேன். ஸ்கோர் எழுதத் தொடங்கிய பிறகு அப்படி இல்லை. புள்ளியைப் போட்டுவிட்டால் அந்தப் பந்து முடிந்தது. அடுத்த பந்து வந்துவிடும்.

2015இல் நாவல் முடிந்தது. அப்பா பாலத்தைக் கடந்தார். கடைசி வசனத்தை எழுதியதும் மகளை எழுப்பி வாசிக்கக் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த வருடம் சீட்டுக் காசில் முந்நூறு பிரதிகள் அடித்தோம். உறவினருக்கும் நூலகங்களுக்கும் கொடுத்ததுபோக விற்றது நூற்றைம்பது வரும். மிச்சம் இன்னும் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. பணம் வரவில்லை. ஆனால் கிணற்றடியில் முன்பு என்னைப் பற்றிக் கதைத்த ஒரு அக்கா புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்து வந்து, "நானும் அண்டைக்கு அந்தப் பாலத்தாலைதான் வந்தனான். என்ரை கதையையும் எழுதுவியோ?" என்று கேட்டார். என் இரண்டாவது நாவல் அவருடைய கதைதான். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இப்போது மட்ச் பார்க்கவும் அவர் வருகிறார். விதிமுறை ஒன்றும் விளங்காது. எந்தப் பக்கம் தோற்கிறதோ அந்தப் பக்கத்துக்காகக் கவலைப்படுவார்.

மகளுக்குக் கிரிக்கெட் பிடிக்காது. அவள் வலைப்பந்துக்காரி. யாழ்ப்பாணத்துப் பெண்ணான தர்ஜினி சிவலிங்கம் அவளுக்குத் தெய்வம். உயரத்துக்காகக் கேலி செய்யப்படக் கூடிய ஒரு பெண், அந்த உயரத்தையே பலமாக்கி நாட்டுக்கு விளையாடினார். ஆசியக் கிண்ணத்தை 2009, 2018, 2022 ஆகிய வருடங்களில் இலங்கை வென்றபோது அவர் அணியில் இருந்தார். 2018இல் சிங்கப்பூரை வென்ற இறுதிப் போட்டியன்று எங்கள் கலண்டரில் பச்சையும் சிவப்பும் ஒன்றாக விழுந்தன. நானும் அவளோடு இருந்து பார்த்தேன். பிள்ளைகளின் சந்தோசத்தை நாங்களும் மதித்துப் பார்த்தால்தான் எங்கள் சந்தோசத்தை அவர்கள் மதிப்பார்கள்.

மகள் கலியாணம் செய்து எங்கள் வளவிலேயே வீடு கட்டி இருக்கிறாள். 2024 யூலை 28ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, தம்புள்ளையில் பெண்கள் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. "அம்மா, பொம்பிளையளின்ரை கிரிக்கெட் எண்டால் நானும் பாப்பன்" என்று மகள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இந்தியா 165 ஓட்டங்கள். சமரி அத்தபத்து 61. ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69. எட்டு விக்கெட்டுகளால் இலங்கைப் பெண்கள் முதன்முறையாக ஆசியக் கிண்ணத்தை வென்றார்கள். மகன் இந்தியாவுக்காகக் கொஞ்சம் துக்கம் கொண்டாடினான். நாலு வயதுப் பேத்தி என்ன நடந்தது என்று தெரியாமலே துள்ளினாள். "அம்மம்மா, ஏன் கைதட்டுறீங்கள்?" என்று கேட்டாள். "சந்தோசமாயிருக்கு, அதுதான்" என்றேன். வேறு காரணம் சொல்லத் தோன்றவில்லை. நான் வீட்டுக்கு நடுவில் இருந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கைதட்டினேன்.

எங்கிருந்து நேரம் வந்தது என்று கேட்ட தங்கைக்கு இப்போது பதில் சொல்கிறேன். நேரம் எங்கிருந்தும் வரவில்லை. வீட்டில் உள்ளவர்களோடு இருந்து கதைத்து, கேட்டு வாங்கினேன். கேட்காமல் எடுத்தபோது என் பிள்ளைக்கு நோ வந்தது. ஒன்றும் வேண்டாம் என்று விட்டபோதும் பிள்ளைகளுக்குத்தான் நோ வந்தது. உங்களுக்கு எழுத்தும் கிரிக்கெட்டும் பிடிக்க வேண்டும் என்றில்லை. பாட்டாக இருக்கலாம், பூக்கன்றாக இருக்கலாம், கோயில் பசனையாக இருக்கலாம். அது என்ன என்பதைப் பிள்ளைகளுக்கு வாய் திறந்து சொல்லுங்கள். கலண்டரில் ஒரு நிறத்தை உங்களுக்கென்று வையுங்கள். ஒரு நாள் தவறினால் ஒரு புள்ளியைப் போட்டுவிட்டு அடுத்த நாளுக்குப் போங்கள்.

இதை எழுதி முடிக்க ஐந்தரை ஆகிவிட்டது. சேவல் இரண்டாம் தரம் கூவுகிறது. இன்றைய பெட்டியில் 2 என்று எழுதிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போகிறேன்.